கிரைண்டர் கல்லைத் தொட மாட்டேன் என்ற ராசு

1993 பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த வாரத்தில், எங்கள் சர்வீஸ் பகுதியின் வாசலில் ஓர் ஆலோசனைப் பெட்டியை மாட்டினார்கள். நல்ல யோசனை எழுதிப் போடுகிறவருக்கு எவர்சில்வர் குடம் பரிசு. அசெம்பிளியிலும் மெஷின் ஷாப்பிலும் சிலர் குடம் வாங்கினார்கள். எங்கள் பெட்டியை ஆடி மாதம் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரே ஒரு சீட்டுதான் கிடந்தது. “இந்தப் பெட்டிக்குப் பூட்டு வேண்டியதில்லை. திருடுவதற்கு உள்ளே எதுவும் இல்லை.” கையெழுத்து இல்லை. ஆனாலும் எழுதியது மெக்கானிக் ராசு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரி நக்கல் வேறு யாருக்கும் வராது.

சர்வீஸ், பராமரிப்பு, ஸ்டோர்ஸ், கம்ப்யூட்டர் உதவி என்று இன்று பல பெயர்களில் இருக்கும் துறைகளில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: அடுத்தவருடைய வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது. நன்றாக நடந்தால் நம்மை யாரும் நினைப்பதில்லை. கெட்டுப்போனால் மட்டும் போன் வரும். இதில் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் ஊக்கம் எங்கிருந்து வரும் என்று போன மாதம் உங்களில் ஒருவர் கேட்டார். அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. தேதி, மாதம் பிசகாமல் எழுதினால்தான் எனக்கு நினைவு ஒழுங்காக வரும் என்பதால் இதை எழுத்தில் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி வீட்டு உபயோக மாவு கிரைண்டர் செய்து விற்றது. அந்தக் காலத்துக் கிரைண்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கல் பதித்த வட்டப் பாத்திரம் ஒன்று, அதற்குள் உருளும் குழவிக்கல் ஒன்று, இரண்டையும் தாங்கிக்கொண்டு அடியில் மோட்டார் வைத்த பெட்டி. வீட்டில் கிரைண்டர் நின்றுபோனால் எங்கள் வேன் போய் முழுசாகத் தூக்கி வரும். கோயமுத்தூர் பீளமேட்டுப் பக்கம் இருந்த எங்கள் பட்டறையில் சரிசெய்து அடுத்த வாரம் திருப்பிக் கொடுப்போம். அன்னூர்ப் பக்கத்துக்கு முதலில் வெள்ளிக்கிழமைதான் வேன் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கல்லை வீட்டை விட்டு அனுப்ப மாட்டோம் என்று வீட்டுக்கு வீடு சொல்ல, வெறும் வேனாகத் திரும்பி வரும். வியாழனுக்கு மாற்றியபின் வண்டி நிறைந்தது. அந்த ஜனங்களுக்குக் கல் என்றால் என்ன என்பதை அப்போதே நாங்கள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். நாங்கள் கிழமையை மட்டும் மாற்றிக்கொண்டோம்.

பட்டறைக்கு வந்த கிரைண்டர்களிலிருந்து குழவிக்கல்லை முதலில் எடுத்துவிடுவார்கள். எல்லாக் கல்லையும் கழுவிப் பின்சுவர் ஓரமாக வரிசையாக வைப்பார்கள். மோட்டார் வேலை முடிந்ததும், வரிசையிலிருந்து எந்தக் கல் பாத்திரத்துக்குள் சரியாக உட்காருகிறதோ அதை எடுத்துப் போடுவார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே குவாரிக் கல். நான் சூப்பர்வைசராகச் சேர்வதற்கு முன்பே இருந்த வழக்கம் அது. வேலை சீக்கிரம் முடியும் என்பதால் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

1995 புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை காலை. அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து மயிலாத்தாள் என்ற அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். துண்டில் சுற்றிய குழவிக்கல்லை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். நேராக மேனேஜர் அறைக்குள் போய், மேசைக் கண்ணாடி மேல் அதை இறக்கி வைத்தார். கண்ணாடி கீறல் விட்டது.

“ஏனுங்க, இது யாரூட்டுக் கல்லுங்க?”

மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போய்ப் பார்த்துவிட்டு, “நம்ம கம்பெனிக் கல்லுதானுங்க” என்றேன்.

“கம்பெனிக் கல்லா இருந்தா கம்பெனியே வெச்சுக்குங்க. என்ர கல்லுல செவப்பா ஒரு கோடு ஓடும். நானே கடைக்குப் போய் நின்னு பார்த்து எடுத்த கல்லு. இதுல கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாவு ரவையாட்ட வருது.”

“அதுக்கென்னங்கம்மா, புதுக் கல்லே தர்றோம். காசு வேண்டாம்” என்றார் மேனேஜர்.

“உங்க ஊட்டு அம்மணி சேலையச் சலவைக்குப் போட்டு, வேற யாரோ சேலை திரும்பி வந்தா, புதுசா இருக்குதுன்னு கட்டிக்குவாங்களாங்க?”

மயிலாத்தாள் விடுவதாக இல்லை. “வேன்ல வந்த அந்த ராசுங்கறவன்தான் எடுத்திருக்கான். பழகுன கல்லுக்கு ஓட்டல்காரங்க நல்ல வெலை குடுப்பாங்களாமா. ஊருல எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டேன். அவன் மாமனார் ஊரு எங்கூருக்குப் பக்கந்தான். அங்கயும் சொல்லிப்போட்டேன்.”

அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மேனேஜர் கதவைச் சாத்தினார். ராசு அப்போது தற்காலிகத் தொழிலாளி. ஆயுத பூஜைக்குப் பிறகு நிரந்தரம் ஆவதாக இருந்தது.

“ராசுவ நிறுத்தீருங்க” என்றார் மேனேஜர். “டெம்பரவரிதான? எடுத்தவன அனுப்பிட்டோம்னு சொன்னா அந்தம்மா சமாதானம் ஆயிரும்.”

“அவர் எடுக்கலீங்க சார்.”

“எடுக்கலைன்னா அந்தக் கல்லு எங்க?”

“தெரியலீங்க. நமக்கு யாருக்குமே தெரியாதுங்களே.”

“அதைத்தான் வெளிய சொல்லக் கூடாதுங்கறேன்” என்றார் அவர். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கல் மாறியது என்று ஒப்புக்கொண்டால், அந்த வருடம் பட்டறைக்கு வந்துபோன எல்லா வீடுகளுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்துக்கு ராசுவின் பெயரைக் கொடுத்துவிட முடியாது. இந்த இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க, அறையிலிருந்து பெஞ்சு வரை நடக்கிற நேரம்தான் எனக்கு இருந்தது.

நான் மயிலாத்தாளிடம் போய், “அம்மா, கொஞ்சம் பின்னால வாங்க” என்று பட்டறைக்குள் அழைத்துப் போனேன். சுவரோரம் கற்கள் வரிசையாக ஈரத்தோடு நின்றன. “உங்க கல்லும் இப்படித்தானுங்க நின்னுச்சு. இதுல எது யாரோடதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க. ராசு எடுக்கலீங்க. நாங்க எல்லாருஞ் சேர்ந்துதான் மாத்தியிருக்கறோம்.”

அவர் இடுப்பில் கை வைத்து வரிசையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்த்தார். “கம்பெனி கம்பெனிங்கறீங்க. கோயில் வாசல்ல செருப்புப் போடற எடமாட்டல்ல இருக்குது?”

பெல்ட் மாட்டிக்கொண்டிருந்த ராசு எழுந்து வந்தார். எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவர், அன்று நக்கல் எதுவும் இல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“நீ எடுக்கலையா?”

“எடுக்கலீங்க. ஆனா எங்க போச்சுன்னுந் தெரியலீங்க.”

“கண்டுபிடிச்சுக் குடு. அப்பறம் பேசிக்கலாம்.” கொண்டுவந்த கல்லை எங்களிடமே விட்டுவிட்டு அவர் பஸ் ஏறினார். மேனேஜர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ராசுவை நிறுத்தும் பேச்சையும் எடுக்கவில்லை.

மயிலாத்தாள் வீட்டுக் கிரைண்டர் திரும்பிப்போன அதே வாரத்தில் வேறு எந்தெந்த வீடுகளுக்குக் கொடுத்தோம் என்பது ராசுவுக்கு நினைவிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மொபெட்டில் இருவரும் கிளம்பினோம். பின்னால் அந்த அனாதைக் கல்லையும் கட்டிக்கொண்டோம். முதலில் போன வீடுகளில் சிவப்புக் கோடு இல்லை. மத்தியானம் சோமனூரில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போனோம். முன் அறையில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கத்திப் பேசினால்தான் காதில் விழும். வீட்டுக்கார அம்மா அடுக்களைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பாத்திரத்துக்குள் கிடந்த கல்லில் நெற்றியில் இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

“இதுதானுங்க!” என்றார் ராசு.

“எதுங்க?”

விஷயத்தைச் சொன்னோம். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிரைண்டருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். “நான் தர மாட்டேனுங்க. இத்தன வருசத்துல இப்பத்தான் மாவு வெண்ணையாட்ட வருது. கம்பெனிக்காரங்க நல்ல கல்லாப் பார்த்துப் போட்டுக் குடுத்தாங்கன்னு பக்கத்தூடு பூராவும் சொல்லி வெச்சிருக்கறேன்.”

“உங்க கல்லு இதுங்க” என்று மொபெட்டில் இருந்ததைக் காட்டினேன்.

“அந்தச் சனியன நீங்களே வெச்சுக்குங்க.”

உரிமை, நியாயம் என்றெல்லாம் நான் ஏதோ சொல்லிப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் அது பாதிதான் கேட்டிருக்கும். ராசுதான் முன்னால் போய்ச் சொன்னார்: “அக்கா, அந்தம்மா என்னையத் திருடன்னு சொல்லிப்போட்டாங்கக்கா. அது எம் மாமனார் ஊருக்குப் பக்கத்தூருங்க. அங்க போய் நான் கை நனைக்க முடியாதுங்க.”

“என்ன சொல்றாரு?” என்று முன் அறையிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்.

“மாமனார் ஊருல மானம் போச்சாமா!” என்று அந்த அம்மா திருப்பிக் கத்தினார்.

தறி ஒன்று நின்றது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “அட, குடுத்துரு அம்மணி. மத்த ஊருன்னாலும் சமாளிச்சுக்கலாம்.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சும்மா கொடுக்கவில்லை. “வேற கல்லு போட்டுக் குடு. இதே பதத்துல மாவு வார வரைக்கும் வாரா வாரம் வந்து பார்க்கோணும். பதம் வரலைன்னா நானே உம் மாமனார் ஊருக்கு வருவேன்.” ராசு அப்படியே ஒத்துக்கொண்டார். சொன்னபடி செய்யவும் செய்தார்.

அன்று சாயங்காலமே கல்லை அன்னூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மயிலாத்தாள் கோட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா” என்றார். அவ்வளவுதான். காப்பி கொடுத்தார். ராசுவிடம் வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்குள் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொல்லவில்லை. ஆயுத பூஜை முடிந்து ராசுவுக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. ஆனால் அந்தத் தீபாவளிக்கும், அதன்பின் வந்த பண்டிகைகளுக்கும் அவர் மாமனார் வீட்டுக்குப் போகவில்லை. மனைவியையும் பிள்ளையையும் பஸ் ஏற்றிவிட்டுப் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்.

நான் சொல்ல வந்த விஷயம் இந்தக் காலத்தில்தான் நடந்தது. சோமனூர் போய்வந்த மறுநாளே ராசு என்னிடம் சொன்னார்: “சாருங்க, இனி எந்த ஊட்டுக் கல்லையும் நான் தொட மாட்டேனுங்க.”

“கல்லைத் தொடாம கிரைண்டர் சர்வீஸ் எப்படிப் பண்ணுவே?”

“கெட்டுப்போறது மோட்டாருங்க. கல்லு எதுக்கு ஊருக்கு ஊரு சவாரி போவோணும்?”

மேனேஜருக்கு இது எட்டியபோது, “ஆர்டர் வர்றதுக்கு முந்தியே வேலை செய்ய மாட்டேங்கறானா?” என்றார். ஆனால் ராசு வேலையை விட்டுவிட்டு உட்காரவில்லை. தொடாமலே வேலை செய்ய ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். பாத்திரத்தையும் கல்லையும் வீட்டுக்காரர்களையே இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு அடிப்பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு வர முடியுமா என்று பார்த்தார். முடியும். ஆனால் போல்ட் இருக்கும் இடுக்குக்குள் கை நுழையாது. மெஷின் ஷாப்பில் சொல்லிக் கைப்பிடி நீளமாக ஒரு ஸ்பேனர் செய்துகொண்டார். அடுத்த சிக்கல், பெட்டி போய்விட்டால் அந்த வாரம் வீட்டில் மாவு ஆட்ட முடியாது. பட்டறையில் கழித்துப்போட்ட பெட்டிகளில் சிலவற்றை ஓய்வு நேரத்தில் தேற்றினார். பழுதான பெட்டியை எடுக்கும்போது தேற்றிய பெட்டி ஒன்றை அங்கே மாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்காரர்களுக்கு ஒருநாள்கூடக் கிரைண்டர் நிற்கவில்லை. கல் வீட்டை விட்டு வெளியேறவே இல்லை. வெள்ளிக்கிழமைகூட வேன் போகலாம் என்று ஆனது.

என் பங்கு சின்னதுதான். என்னென்ன வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தேன். இது சரிப்படுமா என்று மேனேஜர் கேட்டபோது, ஒரு மாதம் விட்டுப் பாருங்கள் என்றேன். ஒரு மாதம் கழித்து அவரே முதலாளியிடம் போய் இதைச் சொன்னார். ‘வீட்டோடு சர்வீஸ்’ என்று பெயர் வைத்து விளம்பரமும் கொடுத்தார்கள். பட்டறையின் பின்சுவர் காலியானது. அங்கே சைக்கிள் நிறுத்தினோம்.

குடம் கொடுக்கலாமா என்று மேனேஜர் கேட்டபோது ராசு, “நான் பொட்டில ஒண்ணும் எழுதிப் போடலீங்களே” என்று மறுத்துவிட்டார். பழைய நக்கல் அன்றுதான் திரும்பி வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலையில் ஊக்கம் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். பரிசு, பாராட்டு, பதவி உயர்வு, கம்பெனியின் வளர்ச்சி என்று அடுக்குவார்கள். அவையெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பகுதியில் நான் இருந்த பத்து வருடத்தில் உருப்படியாக வந்த ஒரே மாற்றம், இவற்றில் எதற்காகவும் வந்ததில்லை. ஒரு மனிதர் தன்மேல் விழுந்த ஒரு சொல்லை இரண்டாம் தடவை கேட்கத் தயாராக இல்லை. அதற்காகத் தன் வேலை செய்யும் விதத்தையே மாற்றினார். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். திட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தினமும் ஒரே பதிலைச் சொல்கிற சலிப்பாக இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட ஆளின் முகத்தைப் பார்க்கிற கூச்சமாக இருக்கலாம். மேலிடத்துக்குச் சொல்ல வெட்கப்படும்படி அது சின்னதாகவும் இருக்கலாம். பரவாயில்லை. கம்பெனிக்கு என்ன தேவை என்று கேட்பதற்கு முன் அதைத் தேடிப் பாருங்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர் “இதை இனிச் செய்ய மாட்டேன்” என்று சொன்னால், திமிர் என்று முடிவுகட்டும் முன், “அப்புறம் எப்படிச் செய்யலாம்?” என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

1997 ஆனி மாதம் மயிலாத்தாளிடமிருந்து போன் வந்தது. மோட்டாரில் கோளாறு இல்லை. கல் மழுங்கிவிட்டது, உளியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். தெருவில் கொத்த வருகிற ஆளிடம் கொடுக்க மாட்டேன், ராசு வந்துதான் எடுத்துப்போக வேண்டும் என்றார்.

ராசு போனார். நானும் வேனில் இருந்தேன்.

“நான் கல்லைத் தொடறதில்லீங்க” என்றார் ராசு, வாசலில் நின்றபடியே.

“நீ தொடாம வேற யாரு தொடறது? எடு கண்ணு.”

ராசு என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார். வேன் கதவைத் திறந்துவிட்டேன். அவர் அதில் ஏற்றவில்லை. துண்டில் சுற்றி, ரோட்டுக்கு நடந்துபோய், கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். கல்லுக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று கண்டக்டர் யோசித்தாராம். “கைக்குழந்தைன்னு வெச்சுக்குங்க” என்று ராசு சொன்னாராம். பட்டறையில் அதைச் சுவரோரம் வைக்கவில்லை. கொத்துகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, முடிந்ததும் எடுத்துக்கொண்டு அதே மாதிரி பஸ்ஸில் திரும்பிப் போனார்.

அடுத்த வாரம் நாங்கள் வேனில் அந்தப் பக்கம் போனபோது மயிலாத்தாள் ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் மூடி போட்ட தூக்குப்போசி. ராசு இறங்கியதும் அதை அவரிடம் நீட்டினார்.

“மாவு நல்லா வருதுங்களா?” என்றார் ராசு.

“அதை எங்கிட்ட எதுக்குக் கேக்கறே? இதைக் கொண்டுபோய் உம் மாமியாகிட்டக் குடு. என்ர கல்லுல ஆட்டுன மாவுன்னு சொல்லு. நீதான் கொத்திக் கொண்டுவந்து குடுத்தேன்னு நேத்தே போய்ச் சொல்லிப்போட்டு வந்துட்டேன். இட்லி ஊத்தி வெப்பாங்க. தின்னுபோட்டுப் போ.”

வேனை ராசுவின் மாமனார் ஊருக்குத் திருப்பச் சொன்னேன். வழி நெடுக, மாவு சிந்தாமல், ராசு அந்தப் போசியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.